மாஸ் (2021): எல்லாம் பேசி முடித்த பிறகு லிண்டா திரும்பி வருவது தேவைதானா?

ஜன்னலோரம்:

ஃபிரான் கிரான்ஸ் எழுதி இயக்கிய 'மாஸ்' படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். முடிவு வரைக்கும் பேசப் போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை என்னவென்று மறந்தவர்களுக்காக: அமெரிக்காவில் ஒரு எபிஸ்கோபல் தேவாலயத்தில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு தம்பதிகள். ஜேயும் கெயிலும் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்தவர்கள். ரிச்சர்டும் லிண்டாவும் சுட்ட பையனைப் பெற்றவர்கள். அந்தப் பையன் ஹேடனும் அன்றைக்கே தன்னையும் சுட்டுக்கொண்டு செத்துவிட்டான். வருடங்கள் கழித்து நான்கு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள், 111 நிமிடப் படத்தில் பெரும்பகுதி இதுதான். பள்ளியைக் காட்டுவதில்லை, துப்பாக்கியைக் காட்டுவதில்லை, இறந்துபோன பிள்ளைகள் ஓடியாடும் பழைய காட்சி ஒன்றுகூடக் கிடையாது. அப்படியும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு இறுக்கம்.

கூடப் பார்த்த நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. நடிப்பெல்லாம் பிரமாதம், ஆனால் இது மேடையில் போட வேண்டிய நாடகம், கேமரா வைத்துப் பிடித்ததால் சினிமா ஆகிவிடாது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இது முதல் கேள்வி.

இரண்டாவதுதான் என்னை அதிகமாகக் குடைகிறது. கெயில் மன்னிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள், எல்லோரும் எழுந்து விடைபெறுகிறார்கள், படம் முடிந்தது என்று நானும் மூச்சை விட்டேன். அப்புறம் லிண்டா மட்டும் திரும்பி வந்து, ஹேடன் ஒரு நாள் தன்னை அடிப்பதாக மிரட்டியதையும் தான் பயந்துபோய் அறைக்குள் பூட்டிக்கொண்டதையும் சொல்கிறாள். அன்றைக்கு அவனை அடிக்க விட்டிருக்க வேண்டுமோ, அப்போதாவது அவன் யாரென்று தெரிந்திருக்குமோ என்கிறாள். ஆன் டவுட் அந்த இடத்தில் நடித்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. ஆனால் மன்னிப்பு முடிந்த பிறகு இந்தக் காட்சி எதற்கு? ஏற்கெனவே அழுதுவிட்ட நம்மை இன்னொரு தடவை அழவைக்கவா? உள்ளேயே, மேசையிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே? உங்களுக்கு எப்படி இருந்தது?

கடைசிவரிசை:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம்.

மேடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் நாம் பேசுபவரைத்தான் பார்ப்போம், கண் தானாக அங்கேதான் போகும். இந்தப் படத்தில் திரும்பத் திரும்ப கேமரா நிற்பது கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தில். ஜே கேள்விக்கு மேல் கேள்வியாக அடுக்கும்போது கெயில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாளே, மார்த்தா பிளிம்ப்டன் அங்கே ஒன்றும் செய்யவில்லை என்றுதான் மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும், ஆனால் அவளுக்குள் என்ன ஏறிக்கொண்டே போகிறது என்பது வெட்டிச் சேர்த்த விதத்தால்தான் நமக்குத் தெரிகிறது. முப்பதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைக் காட்ட எந்த நாடகத்தாலும் முடியாது. வசனத்தை மட்டும் கேட்டால் ஜேதான் கோபக்காரன், முகங்களைப் பார்த்தால் கெயில்தான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் படத்தின் பதற்றமே இருக்கிறது என்பேன்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? ஆரம்பத்தில் கேமரா அசையாமல், ஒழுங்காக, மரியாதையாக நிற்கும். பேச்சு நிஜமான இடத்தைத் தொட்டதும் வெளியே ஒரு வயல், வேலியில் கட்டிய ரிப்பன் என்று ஒரு காட்சி வந்து போகும். அதற்குப் பிறகு சட்டகமே, அதாவது திரையில் தெரியும் படத்தின் வடிவமே, அகலமாகிவிடும், கேமராவும் கையில் பிடித்ததுபோல ஆட ஆரம்பிக்கும். முதல் தடவை பார்க்கும்போது பலருக்கு இது கண்ணில் படுவதில்லை, ஆனால் ஏதோ பிடி விட்டுப்போன உணர்வு மட்டும் வந்துவிடும்.

ஒரே அறைப் படங்களில் இது புதிதல்ல. ஒரு கொலை வழக்கின் ஜூரிகள் ஓர் அறையில் உட்கார்ந்து வாதாடும் '12 ஆங்க்ரி மென்' 1954இல் தொலைக்காட்சி நாடகமாக வந்து 1957இல் சினிமா ஆனது. அதன் இயக்குநர் சிட்னி லூமெட், படம் போகப் போக நீளமான குவியத்தூரம் உள்ள, அதாவது பின்னால் இருப்பதை நெருக்கிக் காட்டும், லென்ஸுகளுக்கு மாறிக்கொண்டே போனார், கேமராவின் உயரத்தையும் கண் மட்டத்துக்கு மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார், கடைசியில் கூரையே தலைக்கு மேல் தெரிய ஆரம்பிக்கும், சுவர்கள் நெருங்கி வந்ததுபோல இருக்கும். வசனத்தை அப்படியே மேடையில் பேசிவிடலாம், அந்த மூச்சுமுட்டலை எங்கிருந்து கொண்டுவருவது? லூமெட் அறையைச் சுருக்கினார், கிரான்ஸ் சட்டகத்தை விரித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். விரித்தும் ஏன் நமக்கு மூச்சுமுட்டுகிறது என்றால், அகலமான சட்டகத்தில் ஒருவர் முகத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை.

உங்கள் நண்பரை இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு இருபது நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், எப்போது பார்வையை விலக்குகிறார்கள், எந்த இடத்தில் எழுந்து இடம் மாறுகிறார்கள் என்பதிலேயே கதை ஓடுவது தெரியும்.

மழைக்காகிதம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. தேவாலயத்தில் வேலை செய்யும் ஜூடி, சாப்பிட எதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்று தவிப்பதும், இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்த கெண்ட்ரா வந்து அந்த அறையில் ஒவ்வொரு பொருளாகப் பார்ப்பதும், கண் துடைக்கும் அந்த டிஷ்யூ காகித டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு யோசனை நடப்பதும். என்ன நடக்கப் போகிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. டப்பா மேசை நடுவில் இருந்தால் அழத்தான் வந்திருக்கிறீர்கள் என்று சொல்வது போலாகிவிடும், இல்லாமலே இருந்தாலும் தப்பு. இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு பயத்தை வைக்கத் தெரிந்த இயக்குநர் முதல் படம் எடுப்பவர் என்று நம்பவே முடியவில்லை. அதுவரை நடிகராக மட்டும் இருந்தவர் அவர்.

ஆனால் மன்னிப்பு விஷயத்தில் படம் அவசரப்படுகிறது. இத்தனை வருடம் கெட்டியாகிப்போன ஒன்றை ஒரே ஒரு மதியத்தில் கரைத்துவிடுகிறார்கள். கெயில் தன் மகனைப் பற்றிய ஒரு நினைவைச் சொல்லிக்கொண்டே வந்து மன்னிப்புக்குப் போய்ச் சேரும் இடம் நடிப்பால் தப்பித்தது. அதே வரிகளைக் காகிதத்தில் படித்தால் இவ்வளவு சீக்கிரமா என்றுதான் கேட்போம். மன்னிக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பும் பெற்றோர்களுக்கு இந்தப் படம் என்ன சொல்கிறது? அவர்கள் ஏதோ செய்யத் தவறியவர்கள் என்றா? எனக்கு அது நெருடியது.

துப்பாக்கிச் சட்டம் பற்றிய பேச்சையும் ஆரம்பத்திலேயே ஓரம் கட்டிவிடுகிறார்கள். கதைக்கு அது வசதி, புரிகிறது. ஆனால் ஜே மாதிரி ஒரு மனிதர், இத்தனை வருடம் காரணம் தேடியே வாழ்ந்தவர், அவ்வளவு சுலபமாக அதை விட்டுவிடுவாரா?

லிண்டா திரும்பி வரும் காட்சி: இல்லாமலேயே இருந்திருக்கலாம். இரண்டு முடிவு இருந்தால் இரண்டுமே பாதி பலம்தான்.

தறி:

குடும்பத் தகராறுகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கொலை அளவுக்குப் போன விஷயங்களை நான் கையாண்டதில்லை, ஆனாலும் இப்படி ஒரு அறை எப்படி இயங்கும் என்பது ஓரளவு தெரியும், அதனால் எழுதுகிறேன்.

மழைக்காகிதம் சொல்லும் 'ஒரே மதியம்' என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சீரமைப்பு நீதி என்று சொல்லப்படும் முறையில், பாதிக்கப்பட்டவரும் எதிர்த்தரப்பும் சந்திக்கும் அந்தச் சில மணி நேரம் வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் இரு தரப்பையும் தனித்தனியாகப் பல தடவை சந்தித்துத் தயார் செய்வார்கள், கடுமையான குற்றங்களில் அது மாதக்கணக்கில் போகும். கெண்ட்ரா நடந்துகொள்ளும் விதத்திலேயே அந்த மாதங்கள் தெரிகின்றன. எந்தக் கேள்விக்கு யார் உடைவார்கள் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கெயிலும் வந்து சேரும்போதே சொல்ல வேண்டிய ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறாள், அதைச் சொல்ல முடியுமா என்பதுதான் அவள் பயம். ஆக அந்த மதியத்தில் அவள் மனம் மாறிவிட்டது என்று நான் படிக்கவில்லை. சொல்லும் தெம்பு வந்தது, அவ்வளவே.

படம் நிஜத்திலிருந்து விலகும் இடம் வேறு. வழக்கமாக ஒருங்கிணைப்பவர் அறையை விட்டுப் போக மாட்டார். பேசாமல் ஓர் ஓரத்தில் இருப்பார், ஆனால் இருப்பார். இங்கே கெண்ட்ரா எழுந்து போய்விடுகிறாள். நாடகத்துக்கு அது தேவை, ஏனென்றால் காப்பாற்ற ஆள் இல்லாமல் நான்கு பேரும் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். தொழில்முறையில் எனக்கு உறுத்தினாலும் படம் பார்ப்பவனாக ஏற்றுக்கொண்டேன்.

இப்போது லிண்டா. 2018இல் ஃபுளோரிடா மாநிலம் பார்க்லாந்தில் ஒரு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சம்பவம்தான் இதை எழுதத் தூண்டியது என்று கிரான்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அப்போது அவரே ஒரு சின்னக் குழந்தைக்குத் தகப்பன். அதோடு இன்னொன்றையும் சொல்கிறார்: தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். 1996இல் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அதன் விசாரணைகள் தொடங்கின. நிறவெறிக் காலத்தில் அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர்கள் முன்வந்து, செய்ததை ஒன்றுவிடாமல் முழுக்கச் சொன்னால் பொதுமன்னிப்புக் கேட்கலாம் என்பது அதன் ஏற்பாடு. அங்கே முழு உண்மை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பாதி சொன்னால் செல்லாது.

அந்த ஏற்பாட்டை இந்த அறையில் பொருத்திப் பாருங்கள். செய்தவன் செத்துவிட்டான். ஏன் செய்தான் என்று சொல்ல அவன் இல்லை. அவன் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது அவனைப் பெற்றவர்கள். அவர்களுக்கோ அந்த ஏன் என்பதற்குப் பதில் தெரியாது, அவர்களும் இத்தனை வருடம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜே எத்தனை விதமாகக் கேட்டாலும் அவர்களால் தர முடிந்தது மருத்துவர் சொன்னது, பள்ளி சொன்னது, தாங்கள் அப்போது நம்பியது, அவ்வளவுதான். எல்லாம் ஏற்கெனவே எங்கேயோ பதிவானவை. ரிச்சர்டு பதில் சொல்லும்போதெல்லாம் ஏதோ வாக்குமூலம் கொடுப்பதுபோல இருப்பதற்கு இதுதான் காரணம்.

லிண்டா திரும்பி வந்து சொல்வது மட்டும்தான் எந்தக் கோப்பிலும் இல்லாதது. தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து தான் பயந்தேன் என்பது. ஒரு தாய் இதை விசாரணைக்கு வந்த யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள், ஒருவேளை புருஷனிடமும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். ரிச்சர்டு அப்போது அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். மன்னிப்புக்கு முன்னால் இதை மேசையில் சொல்லியிருந்தால், அது மன்னிப்பு வாங்குவதற்காகக் கொடுத்த விலை போல ஆகியிருக்கும். மன்னிப்புக் கிடைத்த பிறகு, அவளுக்கு இனி கிடைக்க வேண்டியது ஒன்றும் இல்லாத நேரத்தில், தன்னை இன்னும் மோசமாகக் காட்டக்கூடிய ஒரு விஷயத்தைத் தானாக வந்து சொல்கிறாள் பாருங்கள், அதனால்தான் கெயில் அவளைக் கட்டிக்கொள்ள முடிகிறது. முதலில் சொன்ன மன்னிப்பு வாய்ச்சொல்லாக நின்றுபோகாமல் இருப்பது இந்தக் காட்சியால்தான். இது இல்லாமல் படம் முடிந்திருந்தால் மழைக்காகிதம் சொல்லும் அவசரம் என்ற குறை எனக்கும் இருந்திருக்கும்.

எங்கள் வேலையிலும் இது நடக்கும். மேசையில் எல்லாம் பேசி முடித்து, கையெழுத்தும் போட்டு, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் ஒருவர் நிஜமான விஷயத்தைச் சொல்வார். அதனால் எல்லோரும் வாசலைத் தாண்டும் வரை நான் காகிதங்களை எடுத்து வைப்பதில்லை.

ஜன்னலோரம்:

தறி, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. மேசையில் சொல்லியிருந்தால் விலை போல ஆகியிருக்கும் என்பது சரியாகப் படுகிறது.

இதைப் படித்த பிறகு அந்தக் காட்சிக்கு முன்னால் வரும் பூ விஷயத்தையும் மறுபடி பார்த்தேன். லிண்டா தன் கையால் செய்து கொண்டுவந்த பூ அலங்காரத்தைக் கெயிலிடம் கொடுக்கிறாள், பேச்சு நடக்கும்போது அதை எங்கே வைப்பது என்பதே ஒரு சங்கடம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அதை எடுத்துப்போக வசதியாக ஜூடி பெட்டி தேடப் போகிறாள். அந்தக் காத்திருப்பு இழுத்துக்கொண்டே போகிறது. யாருக்கும் பேச ஒன்றும் இல்லை, கிளம்பவும் முடியவில்லை. முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது, வேண்டுமென்றே நீட்டுகிறார் என்று. இப்போது பார்த்தால், அந்தத் தாமதம் இல்லாவிட்டால் லிண்டா திரும்பி வரும்போது ஜேயும் கெயிலும் காரில் ஏறிப் போயிருப்பார்கள். திரைக்கதையில் ஒரு பெட்டியை வைத்து இவ்வளவு பெரிய காட்சிக்கு இடம் பண்ணியிருக்கிறார்.

ஆனாலும் ஒரு சின்னக் குறை மிச்சம் இருக்கிறது. அதற்கும் பிறகு பாடகர் குழு ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டு ஜே நின்றுவிடும் இடம். அது கொஞ்சம் அதிகமோ? லிண்டாவோடு முடித்திருந்தால் இன்னும் கெட்டியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கடைசிவரிசை:

ஜேக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள். படம் முழுக்க அவன்தான் அதிகம் பேசியவன், காரணம் கேட்டவன், தகவல் சேர்த்தவன். மன்னிப்புச் சொன்னது கெயில், கட்டிக்கொண்டது கெயில். அவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். படத்தில் மற்ற எந்த இடமும் பின்னணி இசையை நம்பி ஓடவில்லை என்பதால்தான் அந்தப் பாட்டு நம்மையும் சேர்த்து அடிக்கிறது. ஜேயாக நடித்த ஜேசன் ஐசக்ஸை வில்லன் வேடங்களில் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

நடுப்பக்கம்:

நான் இன்னும் பார்க்கவில்லை, இருந்தும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். முடிவு தெரிந்தபின் பார்த்தால் கெட்டுப்போகுமா? அப்புறம், ஆங்கிலம் வேகமாகப் பேசுவார்களா, வசன வரிகள் இல்லாமல் பின்தொடர முடியுமா?

கடைசிவரிசை:

தாராளமாகப் பாருங்கள், என்ன நடந்தது என்பதில் இந்தப் படத்தின் சுவாரசியம் இல்லை. வசன வரி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வேகம் பிரச்சினை இல்லை, ஆனால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள், லிண்டா பல இடங்களில் முணுமுணுப்பாள். கண்ணை வரிகளிலேயே வைத்திருந்தால் முகங்களை இழந்துவிடுவீர்கள், அதனால் கைபேசி வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

மழைக்காகிதம்:

தறி சொன்னதைப் படித்துவிட்டு நானும் கடைசி அரைமணி நேரத்தை மறுபடி பார்த்தேன். லிண்டா விஷயத்தில் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஜேயும் துப்பாக்கிச் சட்டமும் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் இப்போது எனக்கு ரிச்சர்டுதான் பிரச்சினை. அந்தக் கட்டிக்கொள்ளல் நடக்கும்போது அவர் கிளம்பிப் போயாயிற்று. ரீட் பர்னி அந்தப் பாத்திரத்தை முதலில் கொஞ்சம் விறைப்பான, தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் ஆளாகத்தான் காட்டுகிறார், சூட் போட்டு, அலுவலகக் கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி. நாமும் அவரை வெறுக்கத் தயாராகிவிடுகிறோம். அப்புறம் அன்றைக்குப் பள்ளியில் எங்கே, யார், எப்படி இறந்தார்கள் என்பது முழுக்க அவருக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பது வெளியே வருகிறது. ஒவ்வொன்றையும் படித்திருக்கிறார், எதையும் மறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தண்டனை அதுதான் போல. அந்த மனிதனுக்கு இந்தப் படம் ஒரு கையைக்கூட நீட்டவில்லை. கெயிலுக்கு ஒரு விடுதலை, லிண்டாவுக்கு ஒரு அணைப்பு, ஜேக்கு ஒரு பாட்டு. ரிச்சர்டு வந்தபடியே திரும்பிப் போகிறார்.

அமெரிக்காவில் சுயாதீனப் படங்களுக்குக் கொடுக்கும் இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதில் இந்தப் படத்துக்கு ராபர்ட் ஆல்ட்மன் விருது கொடுத்தார்கள், அது இயக்குநர், நடிகர் தேர்வாளர், நடிகர் குழு எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பது, அதனால் பர்னிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்கான பரிந்துரை வரைக்கும் போனது ஆன் டவுட். இங்கேயும் எல்லோரும் லிண்டாவைப் பற்றியே பேசுகிறோம், நானும்தான்.

தறி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்படி அழாமல், தகவலாகவே பேசிவிட்டு எழுந்து போகும் ஆட்களை உங்கள் வேலையில் பார்த்திருப்பீர்களே, அவர்கள் பின்னால் திரும்பி வருவதுண்டா?

தறி:

சிலர் வருவார்கள். பெரும்பாலும் நேரில் வருவதில்லை, சில மாதம் கழித்து போன் செய்து, வேறு ஏதோ ஒரு காகிதம் பற்றிக் கேட்பதுபோல ஆரம்பிப்பார்கள். நான் அந்தக் காகிதத்தைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசுவேன், அவசரப்படுத்தினால் வைத்துவிடுவார்கள். ரிச்சர்டு கெண்ட்ராவுக்கு அப்படிப் போன் செய்வார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன், படத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.